ஆறுபார்த்துற்ற அச்சம்: கரடி வாழும் மலைவழிகளில் பாதுகாப்பு – திண்டுக்கல் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கரடி மனிதரைத் தாக்குவது பெரும்பாலும் இரைக்காக அன்று. எதிர்பாராத நெருக்கத்தில் தன்னையும் குட்டியையும் காத்துக்கொள்ளவே அது தாக்குகிறது. எனவே கரடியிடமிருந்து பாதுகாப்பு என்பது அதனோடு போராடும் திறனைக் காட்டிலும் அதனை எதிர்ப்படாமல் நடக்கும் அறிவைச் சார்ந்தது. கரடியின் உணவு, பொழுது, இடம் ஆகிய மூன்றையும் அறிவதே அவ்வறிவின் அடிப்படை. இம்மூன்றையும் சங்க அகப்பாடல்களும் சிலப்பதிகாரமும் துல்லியமாகப் பதிவு செய்துள்ளன. அப்பதிவுகளை இன்றைய விலங்கியல் செய்திகளோடு ஒப்பிட்டு, திண்டுக்கல் சமவெளியிலிருந்து மலைப்பகுதிகளுக்குக் களஆய்வு மேற்கொள்வோர்க்கும் மலையடிவார மக்களுக்கும் பயன்படும் பாதுகாப்பு நெறிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எண்கு, உளியம், குரும்பி, இருப்பை, ஆற்றின் ஏதம், பழனி மலைத்தொடர், களஆய்வு.

முன்னுரை

தலைவன் இரவில் தனித்து வரும் வழியை எண்ணித் தலைவியும் தோழியும் அஞ்சுவதை ‘ஆறுபார்த்துற்ற அச்சம்’ என்று அகப்பொருள் மரபு வழங்குகிறது. இருள், இடி, காட்டாறு, யானை, புலி, பாம்பு ஆகியவற்றோடு அவ்வழியின் ஏதங்களுள் ஒன்றாகக் கரடியும் இடம்பெறுகிறது. இவ்வச்சத்தைத் தலைவனை வரைவுகடாவுவதற்கான இலக்கிய உத்தியாக மட்டும் காண்பது நம் வழக்கம். ஆயினும் அவ்வுத்திக்கு அடியில் காட்டுவழியை நன்கறிந்த ஒரு சமூகத்தின் பட்டறிவு இருக்கிறது.

அப்பட்டறிவு இன்று தேவைப்படுவோருள் தமிழாய்வாளரும் அடங்குவர். நாட்டார் வழக்காறுகளைத் தொகுப்போர், பளியர் முதலிய பழங்குடியினரின் வாழ்வியலை ஆராய்வோர், குகைத்தளங்களையும் பெருங்கற்காலச் சின்னங்களையும் தேடிச் செல்வோர், மாணவர்களை மலைக்கு அழைத்துச் செல்லும் விரிவுரையாளர் எனப் பலர் ஆண்டுதோறும் காட்டோரங்களில் நடக்கின்றனர். நூலறிவு மிக்க இவர்களிடம் வழியறிவு குறைவாகவே உள்ளது. அக்குறையை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. களமும் விலங்கும்

திண்டுக்கல் நகரிலோ அதனைச் சூழ்ந்த வயல்வெளிகளிலோ கரடி அச்சம் இல்லை. ஆனால் மேற்கே பழனி மலைத்தொடரின் சரிவுகளை அடைந்தால் நிலைமை வேறு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளுக்கு ஏறும் வழிகளில் அடிவாரப் புதர்க்காடும் இலையுதிர்காடும் காபித்தோட்டமும் அடுத்தடுத்து வருகின்றன. 2013ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்தில் வாழும் விலங்குகளுள் கரடியும் ஒன்று. தாண்டிக்குடியின் பெருங்கற்காலக் கல்திட்டைகளைக் காணச் செல்லும் ஆய்வாளர் இந்நிலப்பகுதியின் வழியாகவே செல்கிறார்.

தமிழகக் காடுகளில் வாழ்வது ஒரே கரடி இனம். 1791இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜார்ஜ் ஷா, இதன் நீண்ட நகங்களையும் பல்லமைப்பையும் கண்டு, மரத்தில் தலைகீழாகத் தொங்கும் தென்னமெரிக்க விலங்கான ‘ஸ்லாத்’தின் இனம் எனத் தவறாக வகைப்படுத்தினார். அத்தவற்றின் எச்சமாகவே ஆங்கிலத்தில் இன்றும் இது ‘ஸ்லாத் பேர்’ எனப்படுகிறது. பெயர் சோம்பலைக் குறித்தாலும் விலங்கு சோம்பலானதன்று. குறுந்தொலைவில் மனிதனைவிட விரைந்து ஓடக்கூடியது. வளர்ந்த ஆண்கரடி ஏறத்தாழ 80 முதல் 145 கிலோ வரை எடையிருக்கும். மேல்தாடையின் நடு முன்பற்கள் இரண்டும் இதற்கு இல்லை. அந்த இடைவெளி வழியே, நாசித்துளைகளை மூடிக்கொண்டு, புற்றிலிருந்து கறையானை உறிஞ்சி உண்ணும். உறிஞ்சும் ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

இவ்விலங்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. எனவே பாதுகாப்பு என்னும் சொல் இங்கு மனிதர், கரடி ஆகிய இருதரப்புக்கும் பொருந்தும்.

2. இலக்கியம் காட்டும் கரடி

2.1 உணவும் பருவமும்

கரடியைச் சங்க இலக்கியம் எண்கு, உளியம் என்னும் பெயர்களால் சுட்டுகிறது. அகநானூற்றின் 15ஆம் பாடலில் மாமூலனார், பாலைவழியில் உதிர்ந்த இருப்பைப் பூவைத் தின்ற எண்குகள் கொன்றையின் குழல்போன்ற பழங்களையும் கோதி உண்பதைக் காட்டுகிறார். இருப்பை என்பது இன்றைய இலுப்பை. இலுப்பைப் பூ, கொன்றைக் காய், நாவல், இலந்தை, அத்திவகைப் பழங்கள், கறையான், எறும்பு, தேன் ஆகியவையே கரடியின் முதன்மை உணவு என்று தற்கால ஆய்வுகளும் கூறுகின்றன. கொன்றையின் முற்றிய காயைக் கரடி விரும்பி உண்ணும் என்பது காட்டை நேரில் கண்டாரன்றிப் பிறர் எளிதில் அறியாத செய்தி. அகநானூற்றின் முதற்பாடலில் பொதினியாகிய பழனியைப் பாடிய மாமூலனாரே இதனையும் பாடியுள்ளார்.

மாமூலனார் எண்குகளை நிரையாகக் காட்டுவது கருதத்தக்கது. கரடி பெரும்பாலும் தனித்து வாழும் விலங்கு. ஆனால் தாயும் குட்டிகளும் ஒன்றாகத் திரியும். பூவும் பழமும் மிகுந்த மரத்தடியில் ஒன்றுக்கு மேற்பட்ட கரடிகள் கூடுவதும் உண்டு. ஒரு கரடியைக் கண்டவர் அங்கு வேறு கரடி இல்லை என எண்ணுதல் கூடாது என்ற பாடம் இதிலிருந்து கிடைக்கிறது.

2.2 பொழுதும் இடமும்

அகநானூற்றின் 8ஆம் பாடலில் பெருங்குன்றூர் கிழார், ஈயல் தோன்றும் ஈரப்புற்றில் குரும்பியாகிய புற்றாஞ்சோற்றைத் தேடும் ஆண்கரடியைப் பாடுகிறார். அதன் கூரிய நகம் பற்றியதால் புற்றிலிருந்த பாம்பு வலிமை இழக்கிறது. பொழுது நள்ளிரவு; இடம் புற்று; பருவம் மழை ஈரம் உள்ள காலம். ஈரத்தில் இளகிய புற்றைத் தோண்டுதல் எளிது என்பதை நோக்க, இம்மூன்றும் இணைந்து வருவது தற்செயலன்று. இன்றைய ஆய்வாளர் கரடியை மாலை மயங்கும் நேரம் முதல் விடியல் வரை மிகுதியாக இயங்கும் விலங்கு என்கின்றனர். குட்டியுள்ள பெண்கரடிகள் பகலிலும் இரை தேடுவதுண்டு என்பதை இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2.3 சிலப்பதிகாரத்தின் எதிர்மறைச் சான்று

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளைக் கூறுகிறான். அவற்றுள் வலப்புற வழியில் வாழையும் கமுகும் தெங்கும் மாவும் பலாவும் சூழ்ந்த சிறுமலை தோன்றும் என்கிறான். திண்டுக்கல்லின் கிழக்கே நிற்கும் அச்சிறுமலையின் வாழை 2008இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்காப்பியப் பயணம் இவ்வட்டாரத்தை ஒட்டியே செல்கிறது.

அப்பயணம் தொடரும் புறஞ்சேரி இறுத்த காதையில், கதிரவனின் வெம்மையையும் பரல் நிலத்தையும் கண்ணகியின் அடிகள் தாங்கா எனக் கருதிய கோவலன், இரவில் நடக்கலாம் எனக் கவுந்தியடிகளிடம் கூறுகிறான். அதற்கு அவன் காட்டும் காரணம் பாண்டியனின் செங்கோல்: அவன் நாட்டில் கரடி புற்றை அகழாது, புலி மான்கூட்டத்தோடு மாறுபடாது, பாம்பும் சூரும் முதலையும் இடியும் துன்பம் செய்யா. ஆதலால் நிலவொளியில் நடத்தற்கு ஏதமில்லை.

இது செங்கோற் சிறப்பைக் கூறும் கூற்று. ஆயினும் வழிநடையாளர் இரவில் எவற்றை அஞ்சினர் என்பதற்கு இதுவே எதிர்மறைச் சான்று. அப்பட்டியலில் கரடியே முதலில் நிற்கிறது. கரடி தாக்காது என்று கோவலன் கூறவில்லை. புற்றை அகழாது என்றே கூறுகிறான். புற்றை அகழும் கரடியை வழிப்போக்கன் அறியாமல் நெருங்குவதே ஆபத்து என்ற தெளிவு அக்கூற்றில் உட்கிடையாக உள்ளது.

3. கரடி தாக்குவது ஏன்?

கரடிக்குப் பார்வைக்கூர்மை குறைவு. மோப்ப ஆற்றல் மிகுதி. தலையைப் புற்றுக்குள் நுழைத்து ஓசையுடன் உறிஞ்சும்போது அது வேறெதையும் கவனிப்பதில்லை. காற்று மனிதனை நோக்கி வீசினால் மனித வாடையும் அதனை எட்டாது. இந்நிலையில் புதர் திருப்பத்தில் மனிதன் சில அடி தூரத்தில் தோன்றினால், அது விலகி ஓடுவதைவிடப் பாய்ந்து அச்சுறுத்தலை அகற்ற முயல்கிறது.

இக்குணத்திற்கு உயிரியல் காரணம் கூறப்படுகிறது. புலி, சிறுத்தை, யானை ஆகியவற்றோடு ஒரே நிலத்தில் வாழ்ந்து வந்த இவ்விலங்குக்குத் தப்பியோடுதல் எப்போதும் கைகொடுப்பதில்லை. எதிர்த்துப் பாய்வதே அதன் தற்காப்பு. குட்டிகளை முதுகில் சுமந்து திரியும் பழக்கமும் இதனோடு தொடர்புடையது. அவ்வாறு குட்டி சுமக்கும் தாய்க்கரடியே மிகவும் அபாயமானது. இந்தியாவில் குட்டிகள் பெரும்பாலும் நவம்பர் முதல் சனவரி வரையில் பாறை இடுக்குகளிலும் குகைகளிலும் பிறக்கின்றன. ஓரிரு மாதங்களுக்குப் பின் தாயுடன் வெளிவருகின்றன.

இச்செய்தி குகைத்தள ஆய்வாளருக்கு நேரடியாகப் பொருந்தும். வெயில் தணிந்த மார்கழி, தை மாதங்களையே களஆய்வுக்கு ஏற்ற காலமாக நாம் தேர்ந்தெடுக்கிறோம். கரடி குட்டியோடு பாறைப்பொந்தில் இருக்கும் காலமும் அதுவே.

2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே நடந்த நிகழ்வு இங்கு நினைக்கத்தக்கது. கரடி ஒன்று வழியில் சென்ற ஒருவரைத் தாக்கியது. காக்க முயன்றோரும் தாக்குதலுக்கு உள்ளாகி, மூவர் படுகாயமடைந்தனர். மயக்க ஊசி செலுத்திப் பிடித்துக் காட்டில் விடப்பட்ட அக்கரடியும் பின்னர் இறந்தது. ஓர் எதிர்ப்பாட்டில் இருதரப்பும் இழந்தன. தனியொருவருக்கு நேர்ந்த ஆபத்து, ஆயத்தமின்றி உதவப் புகுந்தோருக்கும் எவ்வாறு பரவும் என்பதையும் அந்நிகழ்வு காட்டுகிறது.

4. கரடி பற்றிய தவறான நம்பிக்கைகள்

பொய் புனைந்துரைத்தலைக் ‘கரடி விடுதல்’ என்பது பேச்சுவழக்கு. கரடியைப் பற்றியே நாம் விட்ட கரடிகள் பல. அவற்றுள் சில உயிருக்குத் தீங்கானவை.

முதலாவது, இரு நண்பர்களும் கரடியும் என்னும் ஈசாப்புக் கதை. ஒருவன் மரத்தில் ஏறித் தப்புகிறான். மற்றவன் மூச்சடக்கிப் பிணம்போல் கிடந்து தப்புகிறான். நட்பின் இயல்பைக் கூறவந்த கதை, பள்ளிப்பாடமாகிப் பாதுகாப்புக் குறிப்பாக மனத்தில் பதிந்துவிட்டது. நம் காட்டுக் கரடி தேனுக்காகவும் பழத்திற்காகவும் மரமேறும் விலங்கு. எனவே மரம் உறுதியான புகலிடமன்று. பிணம்போல் மல்லாந்து கிடப்பதும் முகத்தையும் வயிற்றையும் அதன் நகத்திற்குத் திறந்துகொடுப்பதாகும்.

இரண்டாவது, இறக்கத்தில் ஓடினால் கரடியால் துரத்த இயலாது என்ற நம்பிக்கை. கரடி ஏற்றத்திலும் இறக்கத்திலும் மனிதனைவிட விரைந்து ஓடும். ஓடுபவன் கால் இடறி விழுவான் என்பதே உண்மை.

மூன்றாவது, அயல்நாட்டு அறிவுரைகளை அப்படியே பின்பற்றுவது. வட அமெரிக்காவில் கருங்கரடி தாக்கினால் எதிர்த்துப் போராடவும், பழுப்புக்கரடி தாக்கினால் அசையாது கிடக்கவும் அறிவுறுத்துவர். இணையத்தில் பரவும் குறிப்புகளில் பல அவ்வினங்களுக்கு உரியவை. நம் கரடியும் கருநிறமுடையது என்பதால் கருங்கரடிக்குரிய அறிவுரையை இதற்குப் பொருத்துவது பெருந்தவறு.

5. பாதுகாப்பு நெறிகள்

5.1 புறப்படுமுன்

காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றம். அனுமதி பெறுவதோடு, அப்பகுதியை அறிந்த வனக்காவலரையோ உள்ளூர் வழிகாட்டியையோ உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அண்மையில் கரடி நடமாட்டம் உண்டா, எந்த மரம் பூத்திருக்கிறது அல்லது பழுத்திருக்கிறது என்பவற்றை அவரிடம் கேட்டறிய வேண்டும். பழமரத்தின் பருவம் தெரிந்தால் கரடியின் இடம் பாதி தெரிந்ததாகும். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஊரிலுள்ள ஒருவரிடம் கூறிவிட்டுச் செல்வது நன்று.

5.2 வழியில்

பகலில், வெயில் ஏறிய பின் நடந்து, மாலைக்கு முன் திரும்ப வேண்டும். தனியே செல்லாமல் குழுவாக, இடைவெளி விடாமல் செல்ல வேண்டும். தொடர்ந்து பேசிக்கொண்டே நடப்பது சிறந்த காப்பு. மனிதக்குரலைத் தொலைவிலேயே கேட்கும் கரடி பெரும்பாலும் தானே விலகிவிடும். அருவியோசை மிகுந்த இடத்திலும் புதர் திருப்பத்திலும் குரலை உயர்த்துதல் வேண்டும். கையில் நீண்ட கோல் இருப்பது நல்லது. இருட்டில் நடக்க நேர்ந்தால் ஒளிமிக்க கைவிளக்கு இன்றியமையாதது. காதில் ஒலிக்கருவி பொருத்திக்கொண்டு நடத்தலும், நாயை அவிழ்த்துவிடுதலும் தகா. விரட்டப்பட்ட நாய் சினங்கொண்ட கரடியை உரியவரிடமே கொண்டுவந்து சேர்க்கும்.

மலைபடுகடாம் இதற்கு இணையான நெறியைக் கூறுகிறது. பெருங்கௌசிகனார் இயற்றிய 583 அடிகள் கொண்ட இவ்வாற்றுப்படை, பரிசில் பெறும் வழியோடு மலைவழியின் இடையூறுகளையும் விரித்துரைக்கிறது. குறவரும் திசை மயங்கும் குன்றத்தில் வழிதவறினால், மேலும் நடப்பதைத் தவிர்த்து, அகன்ற பாறையில் ஒன்றுகூடி, இசைக்கருவிகளை முழக்குமாறு அது கூறுகிறது. ஓசை கேட்டுக் காடு காக்கும் கானவர் உதவ வருவர். நிற்றல், கூடியிருத்தல், ஒலியெழுப்புதல் என்னும் இம்மூன்றுமே இன்றைய மலையேற்றப் பயிற்சியிலும் கற்பிக்கப்படுகின்றன.

வழியில் அடையாளங்களை நோக்க வேண்டும். புதிதாகத் தோண்டிய புற்று, ஈரம் காயாத மண், விதையும் கறையான் எச்சமும் கலந்த சாணம், மரப்பட்டையில் நகக்கீறல் ஆகியவை கரடி அண்மையில் இருந்ததைக் காட்டும். இதன் அடிச்சுவட்டில் விரல்கள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் அமைந்து, நகத்தடம் முன்னே தள்ளிப் பதிந்திருக்கும். நடக்கும்போது பாதம் உட்புறம் வளைந்திருக்கும். திருமுருகாற்றுப்படை உளியத்தை வளைந்த அடியுடையதாகக் குறிப்பது இதனோடு ஒத்துள்ளது. குகை, பாறை இடுக்கு ஆகியவற்றில் நுழையுமுன் தொலைவில் நின்று குரல் எழுப்பி, சற்றுப் பொறுத்து, உள்ளே ஓசையோ வாடையோ இல்லை என உறுதிசெய்த பின்னரே அணுக வேண்டும். கரடி வெளியேறும் வழியை மறித்து நிற்றல் கூடாது.

5.3 எதிர்ப்பட்டால்

கரடி நம்மைக் காணவில்லை எனில், ஓசையின்றி வந்தவழியே பின்வாங்க வேண்டும். கண்டுவிட்டது எனில், ஓடாமல் அதனைப் பார்த்தவாறே மெல்லப் பின்னடைய வேண்டும். குழுவினர் நெருங்கி நிற்க வேண்டும். கல்லெறிதலும் படம் எடுக்க நெருங்குதலும் தாயையும் குட்டியையும் பிரிக்கும்படி இடையில் நிற்றலும் கூடாதவை. பாய்ந்து வரும் கரடி சிலவேளை பாதியில் நின்று திரும்பிவிடும். ஆதலால் நிலைகுலையாமல் நின்று, கோலை முன்னே நீட்டிப் பிடித்தல் ஓடுவதினும் மேலானது.

தாக்குதல் தவிர்க்க இயலாதாயின், குப்புறப் படுத்து, இரு கைகளையும் பிடரியில் கோத்து, முழங்கைகளால் முகத்தின் பக்கங்களை மறைக்க வேண்டும். முதுகுப்பை இருந்தால் அதனைக் கழற்றலாகாது, அது கவசமாகும். கரடி தலையையும் முகத்தையுமே மிகுதியாகத் தாக்குவதால் இந்நிலை உயிர்காக்கும். அச்சுறுத்தல் நீங்கியது எனக் கருதியதும் கரடி பெரும்பாலும் விலகிச்செல்லும். அது முற்றிலும் அகன்ற பின்னரே எழ வேண்டும்.

5.4 தாக்குதலுக்குப் பின்

குருதி மிகுதியாக வெளியேறினால் தூய துணியால் அழுத்திப் பிடிப்பதே முதல் உதவி. சிறு காயமாயினும் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். 108 அவசர ஊர்தியை அழைத்து விரைவில் மருத்துவமனையை அடைதல் வேண்டும். வெறிநாய்க்கடி நோய்த்தடுப்பும் இசிவுநோய்த் தடுப்பூசியும் கரடிக் காயத்திற்கும் தேவை என்பது பலர் அறியாதது. வனத்துறைக்குத் தெரிவித்துப் பதிவு செய்தல், அரசு வழங்கும் இழப்பீட்டைப் பெறுவதற்கும் பிறரை எச்சரிப்பதற்கும் உதவும்.

6. மலையடிவார ஊர்களில்

களஆய்வாளர் ஆண்டில் சில நாள் காட்டோரம் செல்பவர். ஆடு மேய்ப்போர், சிறுவன மகசூல் சேகரிப்போர், தோட்டக் காவலர் ஆகியோர்க்கு அது அன்றாடம். நீலகிரி மாவட்டத்தில் தேயிலைத் தோட்டங்களை அடுத்த ஊர்களில் கரடிகள் விளக்கெண்ணெயையும் உணவுப்பொருளையும் நாடிக் கோயில்களிலும் கடைகளிலும் புகும் செய்திகள் அடிக்கடி வெளிவருகின்றன. எளிதில் கிடைக்கும் உணவு கரடியை ஊருக்குப் பழக்குகிறது என்பதே அவற்றின் பாடம். உணவுக்கழிவைத் திறந்தவெளியில் கொட்டாமை, வீட்டையும் வழியையும் ஒட்டிய புதரை அகற்றுதல், விடியற்காலையில் தனியே வெளியே செல்லாமை, தெருவிளக்கு அமைத்தல் ஆகியவை எளிய தீர்வுகள். உதிர்ந்த பழங்களை அன்றாடம் அகற்றுவதும் பயன்தரும்.

தைப்பூசத்தை ஒட்டித் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் குழுக்கள் பெரும்பாலும் இரவில் நடக்கின்றன. கூட்டம், காவடிப்பாட்டு, விளக்கொளி ஆகிய மூன்றும் அவர்களுடன் செல்கின்றன. கோவலன் பாண்டியனின் செங்கோலை நம்பி மேற்கொண்ட இரவுநடையை அவர்கள் இம்மூன்றின் துணையோடு மேற்கொள்கின்றனர் எனலாம். ஆயினும் குழுவிலிருந்து பிரிந்து, சுருக்கவழி கருதி அடிவாரப் புதர்க்காட்டில் தனியே இறங்குபவருக்கு இக்காப்பு இல்லை.

முடிவுரை

1. இருப்பைப்பூ, கொன்றைப்பழம், குரும்பி என இலக்கியம் காட்டும் கரடியின் உணவும், நள்ளிரவு என்னும் பொழுதும், புற்று என்னும் இடமும் இன்றைய விலங்கியல் முடிவுகளோடு ஒத்துள்ளன.

2. கோவலன் கூற்று, கரடி அகழும் புற்றே வழிநடையின் ஆபத்து என்பதை எதிர்மறையாக உணர்த்துகிறது. தாக்குதலின் காரணம் எதிர்பாராத நெருக்கமே என்னும் இன்றைய விளக்கத்திற்கு அது இசைவானது.

3. எனவே பகல்நடை, குழுநடை, குரலொலி, அடையாளம் நோக்கல் ஆகிய நான்குமே முதன்மைக் காப்புகள். குப்புறப் படுத்தல் இறுதிக் காப்பு மட்டுமே.

4. மரமேறுதல், மூச்சடக்கிக் கிடத்தல் ஆகியவற்றைப் பாதுகாப்பு முறைகளாகக் கற்பிப்பது நிறுத்தப்பட வேண்டும். அக்கதையைப் பாடமாக நடத்தும் ஆசிரியர் இவ்வேறுபாட்டை ஒரு சொல்லில் சுட்டினால் போதும்.

பழனி மலைத்தொடரில் வாழும் பளியர் முதலியோரிடம் கரடி பற்றிய சொற்கள், வழக்குகள், வழிநடை நெறிகள் ஆகியவற்றைத் தொகுப்பது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். அத்தொகுப்புக்காக மலையேறும் மாணவர் ஒவ்வொருவரும் பாதுகாப்பாகத் திரும்பி வரவேண்டும். தலைவி அஞ்சிய அவ்வழியில் இன்று நம் மாணவரை அனுப்புகிறோம். அவள் அச்சம் நமக்கும் வேண்டும்.